கேர்னல் கொன்ஃபிக் தெரிவுகள்: கிண்ணியா கேபிளில் இருந்து கன்னியா டிரைவர் வரை

திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் படகு வைத்திருக்கும் ஒரு நானாவுக்குப் பழைய லப்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஜிபிஎஸ் கருவியில் இருந்து வரும் தகவலை யூஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக எடுத்து, வலை போட்ட இடங்களைக் குறித்து வைப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மெமரி குறைந்த மெஷின் என்பதால் உவர்மலையில் வீட்டில் வைத்து லினக்ஸின் மையமான கேர்னலைச் சின்னதாக நானே கொம்பைல் பண்ணி (மூலக்கோடில் இருந்து கட்டி), பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேபிளைச் செருகினால் ஒன்றுமே வரவில்லை. "தம்பி, முந்தநாள் வேலை செஞ்ச சாமான், இப்ப ஏன் பேசாமக் கிடக்கு?" என்று கேட்டார். கேபிளில் பிழை இல்லை, ஜிபிஎஸ்ஸிலும் பிழை இல்லை. அந்தக் கேபிளுக்குள் இருப்பது பிஎல்2303 சிப், அதற்கான டிரைவர் நான் கட்டிய கேர்னலுக்குள் இல்லை. கொம்பைல் பண்ணிய அன்று கேபிள் நானாவின் படகில் இருந்தது, லப்டொப் என் மேசையில் இருந்தது. அதுதான் காரணம்.

இப்போது மாலையில் சில பிள்ளைகளோடு சேர்ந்து கேர்னல் பழகுகிறோம். அவர்களும் இதே இடங்களில்தான் இடறுகிறார்கள். அதனால் கொம்பைல் பண்ணும் நேரத்தில் தீர்மானிக்கும் தெரிவுகளை எப்படிக் கையாள்வது என்று, முதலில் வெளியிலிருந்து, பிறகு கோட் எழுதுகிறவரின் பக்கத்தில் இருந்து, முழுவதையும் எழுதிவிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கொன்ஃபிக்_ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்து.

முதலில் ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டும். உங்கள் மெஷினில் நீங்கள் கட்டிப் பார்ப்பது ஒரேயொரு கொன்ஃபிக், அதாவது தெரிவுகளின் ஒரேயொரு சேர்க்கை. லினக்ஸ் கேர்னலில் தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நீங்கள் எழுதிய கோட், நீங்கள் ஒருநாளும் பார்க்காத சேர்க்கையில் வேறு யாரோ ஒருவரின் மெஷினில் கொம்பைல் ஆகத்தான் போகிறது. கீழே சொல்வது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வெறும் கையோடு தொடங்க வேண்டாம். இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலின் கொன்ஃபிக்கை எடுங்கள். டெபியன், உபுண்டு போன்றவற்றில் அது பூட் அடைவுக்குள் 'கொன்ஃபிக்-' என்று தொடங்கி, பின்னால் கேர்னல் பதிப்பு எண்ணோடு கிடக்கும். அதை மூலக்கோட் அடைவுக்குள் '.கொன்ஃபிக்' என்ற பெயரில் கொப்பி பண்ணிவிட்டு 'மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்' கொடுங்கள். பழைய கொன்ஃபிக்கில் இல்லாத, புதிய கேர்னலில் மட்டும் வந்த தெரிவுகளுக்கு அது இயல்பான விடையை எடுத்துக்கொள்ளும். 'ஓல்ட்கொன்ஃபிக்' என்றால் ஒவ்வொன்றாக உங்களிடம் கேட்கும். கெதியாக முடிக்க வேண்டும் என்றால் முதலாவது போதும். ஆனால் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்று தெரியாமல் விடாதீர்கள், 'மேக் லிஸ்ட்நியூகொன்ஃபிக்' அந்தப் பட்டியலைத் தரும்.

உபுண்டு, டெபியன் கொன்ஃபிக்கோடு முதல் தடவை கட்டுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரு இடத்தில் நிற்பார்கள். டெபியன் அடைவுக்குள் ஒரு சான்றிதழ்க் கோப்பைக் காணவில்லை என்று சொல்லி பில்ட் நின்றுவிடும். கொன்ஃபிக்_சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ் என்ற தெரிவு, அவர்கள் தங்கள் பில்ட் மெஷினில் வைத்திருக்கும் ஒரு கோப்பைக் காட்டுகிறது. உங்களிடம் அது இல்லை. அந்தத் தெரிவின் மதிப்பை வெறுமையாக்கினால் சரி, உபுண்டுவில் சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் என்பதையும் அப்படியே செய்யுங்கள். அதோடு டீபக் தகவலையும் நிறுத்திவிடுங்கள், அது இருந்தால் பில்ட் அடைவு மிகவும் பெருத்துவிடும், நேரமும் எடுக்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் கொம்பைல் பண்ணிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் கரண்ட் போனாலும் 'மேக்' கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், பயப்பட வேண்டாம்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' என்று ஒன்று இருக்கிறது. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது, 2.6.32 பதிப்பில் இருந்து கேர்னலோடு வருகிறது. அந்த நேரத்தில் எந்தெந்த மொடியூல்கள் (தேவைப்படும்போது தனியாக ஏற்றும் கேர்னல் துண்டுகள்) மெமரியில் ஏறியிருக்கின்றன என்று பார்த்து, அவற்றுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மொடியூல்களை எல்லாம் கொன்ஃபிக்கில் இருந்து எடுத்துவிடும். மணிக்கணக்கில் ஓடும் பில்ட் மிகவும் குறைந்துவிடும், உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் அந்த நேரத்தில் செருகாத பொருள் அதன் கணக்கில் இல்லாத பொருள். எனவே அதை ஓட்டுவதற்கு முன்னால் இந்த மெஷினில் என்றைக்காவது செருகப்போகும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகுங்கள்: பிரின்டர், டொங்கிள், பென்டிரைவ், சீரியல் கேபிள். பென்டிரைவை மவுன்ட் பண்ணியும் பாருங்கள், இல்லாவிட்டால் அதன் ஃபைல்சிஸ்டம் மொடியூல் ஏறாது. வேறொரு மெஷினுக்காகக் கட்டுவதென்றால் அங்கே 'எல்எஸ்மொட்' கொடுத்து வரும் வெளியீட்டை ஒரு கோப்பில் எடுத்து வந்து, பெரிய எழுத்தில் எல்எஸ்மொட் என்ற மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் அதைப் பார்த்துச் செய்யும். எல்எம்சி_கீப் என்ற மாறியில் (இதுவும் பெரிய எழுத்து) 'டிரைவர்ஸ்/யூஎஸ்பி' போன்ற அடைவுகளைச் சொன்னால் அவற்றில் கைவைக்காது. கிண்ணியா லப்டொப்புக்கு நான் இந்த இரண்டையும் செய்திருக்க வேண்டும்.

'.கொன்ஃபிக்' கோப்பை எடிட்டரில் திறந்து கையால் மாற்றும் பழக்கத்தை விடுங்கள் என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறேன். பார்ப்பதற்குச் சாதாரண எழுத்துக் கோப்பு, அதுதான் ஆசை காட்டுகிறது. அணைத்து வைத்த தெரிவு அதில் ஹாஷ் குறியோடு 'இஸ் நொட் செட்' என்று எழுதப்பட்டிருக்கும். ஹாஷ் இருப்பதால் அது வெறும் குறிப்பு என்று நினைத்து வரியை அழித்துவிடுகிறார்கள். அது குறிப்பு இல்லை, 'வேண்டாம்' என்று நீங்கள் சொன்ன விடை. வரியை அழித்தால் நீங்கள் விடையே சொல்லவில்லை என்று ஆகிவிடும், அடுத்த தடவை இயல்பு மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். மாற்ற வேண்டும் என்றால் தெரிவுகளை மெனுவாகக் காட்டும் 'மேக் மெனுகொன்ஃபிக்', அல்லது ஸ்கிரிப்டுக்குள் செய்வதென்றால் 'ஸ்கிரிப்ட்ஸ்/கொன்ஃபிக்' என்ற சின்னக் கருவி. 'எனேபிள்', 'டிசேபிள்', 'மொடியூல்', 'செட்-ஸ்டர்' என்று அதற்குச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கருவி நீங்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவிடும், அது சரிவருமா என்று பார்க்காது. ஒரு தெரிவு வேறொன்றில் தங்கியிருந்து, அந்த மற்றது அணைந்திருந்தால், அடுத்து 'மேக்' ஓடும்போது நீங்கள் போட்டது சத்தமில்லாமல் போய்விடும். பிழைச் செய்தி வராது, பில்ட் நிற்காது. அதனால் ஒழுங்கு இதுதான்: மாற்றுங்கள், 'ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்' ஓட்டுங்கள், பிறகு 'கிரெப்' என்ற தேடும் கட்டளையைப் போட்டு நீங்கள் கேட்டது '.கொன்ஃபிக்'கில் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது படியை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் கொம்பைல் பண்ணி, பூட் பண்ணிப் பார்த்த பிறகு கவலைப்பட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர்.

நிற்கவில்லை என்றால் மெனுகொன்ஃபிக்கைத் திறந்து சாய்கோடு விசையை அழுத்தித் தெரிவின் பெயரைத் தேடுங்கள். எதில் தங்கியிருக்கிறது, எது அதைக் கட்டாயப்படுத்தி ஏற்றுகிறது, ஒவ்வொன்றின் இப்போதைய மதிப்பு என்ன என்று முழுவதும் காட்டும். எது 'என்' (இல்லை) என்று நிற்கிறதோ அதுதான் உங்கள் வழியை மறிக்கிறது. சில தெரிவுகளுக்கு மெனுவில் பெயரே இருக்காது. அவை மற்றவை இழுத்தாலோ தங்கள் இயல்பு மதிப்பாலோ மட்டும் ஏறும், நீங்கள் எத்தனை தடவை எழுதினாலும் நிற்காது. அதோடு மினக்கெட வேண்டாம், அதை இழுக்கும் தெரிவைக் கண்டுபிடித்துப் போடுங்கள்.

இதுவரை சொன்னது பாவிப்பவருக்கு. இனி நீங்களே ஒரு தெரிவை எழுதப் போகிறீர்கள்.

எங்கள் பயிற்சி டிரைவருக்குப் பெயர் 'கன்னியா'. கன்னியா வெந்நீரூற்றில் 7 கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரு வெப்ப உணரிக்கு அந்தப் பெயரை வைத்தோம். உணரி, சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பியில் தொங்குகிறது. கேர்னலில் எச்டபிள்யூமொன் என்ற, வெப்பநிலையும் மின்னழுத்தமும் பார்க்கும் பகுதி இருந்தால் அதன் வழியாகவும் அளவைக் காட்டும், இல்லாவிட்டாலும் டிரைவர் வேலை செய்யும். தெரிவுகளை அறிவிக்கும் மொழி கேகொன்ஃபிக், அந்தக் கோப்பில் இதை இப்படி எழுதினோம்:

    கொன்ஃபிக் கன்னியா
        ட்ரைஸ்டேட் "கன்னியா வெப்ப உணரி"
        டிபெண்ட்ஸ் ஒன் ஐ2சி
        டிபெண்ட்ஸ் ஒன் எச்டபிள்யூமொன் || எச்டபிள்யூமொன்=என்
        ஹெல்ப்
          (இதற்குக் கீழே விளக்கம்)

இந்த மொழி 2002 இல் 2.5.45 பதிப்போடு வந்தது, ரோமன் ஸிப்பல் எழுதியது. அன்றிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை, ஒருமுறை வடிவாகப் படித்தால் பல வருடத்துக்குப் போதும். 'பூல்' என்றால் இரண்டு நிலை. 'ட்ரைஸ்டேட்' என்றால் மூன்று: 'வை' என்றால் கேர்னலுக்குள்ளேயே சேரும், 'எம்' என்றால் தனி மொடியூலாக வரும், 'என்' என்றால் இல்லை. 'டிஃபோல்ட் என்' என்று எழுத வேண்டாம், எழுதாவிட்டாலும் அதுதான். 'டிஃபோல்ட் வை' போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசியுங்கள்: உங்கள் உணரி உலகத்தில் எத்தனை மெஷினில் இருக்கிறது? அது இல்லாதவர்கள் எல்லோருடைய கேர்னலும் ஏன் பெருக்க வேண்டும்?

நான்காவது வரிதான் பிள்ளைகள் எல்லோரையும் குழப்பியது. ஒன்றில் தங்கியிருக்கிறது, அல்லது அது இல்லாமல் இருக்க வேண்டும், அப்படியென்றால் எப்போதும் உண்மைதானே, எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு நிலை என்றால் அவர்கள் சொல்வது சரி. மூன்று நிலை என்பதால்தான் இதற்குப் பொருள் வருகிறது. எச்டபிள்யூமொன் 'வை' என்றால் கன்னியா எப்படியும் இருக்கலாம். அது 'என்' என்றாலும் எப்படியும் இருக்கலாம். அது 'எம்' என்றால் மட்டும் அந்த வரியின் மதிப்பு 'எம்' ஆகிறது, கன்னியாவும் 'எம்'முக்கு மேல் போக முடியாது. ஏன் அந்தத் தடை? கேர்னலுக்குள் சேர்ந்திருக்கும் கோட், பிறகு எப்போதோ ஏறப்போகும் மொடியூலில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிட முடியாது. துண்டுகளை ஒன்றாக இணைக்கும் (லிங்க் பண்ணும்) கடைசி நிமிடத்தில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று விழும். அந்த ஒரு வரி இல்லாமல் அனுப்பினால் உங்கள் மெஷினில் ஒருநாளும் தெரியாது, வேறு ஒருவரின் மெஷினில் கட்டாயம் தெரியும்.

அப்புறம் 'செலக்ட்'. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் தவறாகப் பாவிக்கப்படுகிறது. 'டிபெண்ட்ஸ் ஒன்' என்பது அது இருந்தால்தான் நான் வருவேன் என்று காத்திருப்பது. 'செலக்ட்' என்பது நான் வந்தால் நீயும் வா என்று கையைப் பிடித்து இழுப்பது. இழுப்பது வசதியாகத்தான் இருக்கிறது, பாவிப்பவர் மெனுவில் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் இழுக்கப்படும் தெரிவுக்கு அதன் சொந்தத் தேவைகள் இருந்தால் செலக்ட் அவற்றைப் பார்க்காது. அவை இல்லாமலே அதை ஏற்றிவிடும், 'அன்மெட் டைரக்ட் டிபெண்டன்ஸிஸ்' என்று ஒரு எச்சரிக்கை வரும், அதற்குப் பிறகு கொம்பைல் உடையலாம். எனவே மெனுவில் பெயர் இல்லாத, தனக்கென்று தேவை எதுவும் இல்லாத உதவி நூலகங்களை மட்டும் செலக்ட் பண்ணுங்கள், தரவில் பிழை வந்ததா என்று பார்க்கும் சிஆர்சி கணக்குப் போடும் பகுதி போல. ஐ2சி, யூஎஸ்பி, நெட் போன்ற பெரிய பகுதிகளை ஒருநாளும் இழுக்காதீர்கள், அவற்றுக்காகக் காத்திருங்கள். இருந்தால் நல்லது, பாவிப்பவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்ற இடத்துக்கு 'இம்ப்ளை' இருக்கிறது.

ஹெல்ப் பகுதியை ஒரு வரியில் முடிக்காதீர்கள். 'கன்னியா உணரிக்கு ஆதரவு' என்று எழுதினால் அது தலைப்பையே திரும்பச் சொல்வது. இந்தப் பொருள் எந்த போர்டில் இருக்கும், மொடியூலாகக் கட்டினால் என்ன பெயரில் வரும், சந்தேகமாக இருந்தால் எதைத் தெரிவு செய்வது என்று எழுதுங்கள். நடுச்சாமத்தில் ஒருவர் மெனுகொன்ஃபிக்கில் உங்கள் வரிக்கு முன்னால் நின்று யோசிப்பார். அவருக்கு உதவுவது அந்த நான்கு வரிகள் மட்டும்தான்.

மேக்ஃபைலில் ஒரே வரி: 'ஒப்ஜ்-' என்பதற்குப் பின்னால் டொலர் குறியும் அடைப்புக்குள் கொன்ஃபிக்_கன்னியாவும், பிறகு கன்னியா.ஓ. தெரிவின் மதிப்பே 'வை' அல்லது 'எம்' என்பதால் அது ஒப்ஜ்-வை அல்லது ஒப்ஜ்-எம் ஆகிவிடும். அணைந்திருந்தால் வெறும் 'ஒப்ஜ்-', அதைக் கேர்னலைக் கட்டும் முறையான கேபில்ட் கண்டுகொள்ளாது. இங்கே 'இஃப்' எதுவும் போடத் தேவையில்லை.

இனி சி கோட். இங்கேதான் மனம் இஃப்டெஃப்பைத் தேடும், தெரிவு இருந்தால் மட்டும் இந்த வரிகளைக் கொம்பைலருக்குக் காட்டு என்று சொல்லும் கட்டளை அது. அதில் இரண்டு பிரச்சினை.

முதலாவது, அது பொய் சொல்லும். தெரிவு 'எம்' என்று இருந்தால் கொன்ஃபிக்_கன்னியா என்ற மாக்ரோ வரையறுக்கப்படுவதில்லை, கொன்ஃபிக்_கன்னியா_மொடியூல் என்பதுதான் வரையறுக்கப்படும். எனவே 'இஃப்டெஃப் கொன்ஃபிக்_கன்னியா' என்று எழுதிய இடம் 'வை'யில் வேலை செய்யும், 'எம்'மில் செய்யாது. நீங்கள் 'வை' போட்டுச் சோதித்து அனுப்பிவிடுவீர்கள், டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்கள் பெரும்பாலான டிரைவர்களை 'எம்' போட்டுத்தான் கட்டுகின்றன. இதற்கு 'இஸ்_எனேபிள்ட்' என்ற மாக்ரோவைப் பாவியுங்கள், 'வை', 'எம்' இரண்டுக்கும் அது உண்மை.

இரண்டாவது இன்னும் முக்கியம். இஃப்டெஃப்புக்குள் அடைத்த கோடை, தெரிவு அணைந்திருக்கும்போது கொம்பைலர் பார்ப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு ஃபங்ஷனின் அளவுருவை மாற்றுவார், அவருடைய கொன்ஃபிக்கில் உங்கள் பகுதி இல்லை, ஒரு எச்சரிக்கையும் வராது. இஸ்_எனேபிள்ட்டைச் சாதாரண சி 'இஃப்'புக்குள் போட்டால் நிலைமை வேறு. தெரிவு அணைந்திருந்தாலும் கொம்பைலர் அந்த வரிகளைப் படிக்கும், வகைகள் சரியா, பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும், அதன் பிறகுதான் ஓடாத பகுதி என்று வெட்டி எறியும். கேர்னலில் ஒரு பைட் கூடப் பெருக்காது.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒரு ஸ்டிரக்ட்டின் உறுப்பே அந்தத் தெரிவு இருந்தால்தான் இருக்கும் என்றால், இஸ்_எனேபிள்ட் போட்டாலும் கொம்பைலர் அந்த உறுப்பைத் தேடிப் பிழை சொல்லும். அங்கே முன்செயலியின் 'இஃப்' (இஃப்டெஃப் போன்றது) தேவைதான். ஆனால் அதை .சி கோப்பின் நடுவில், ஒரு ஃபங்ஷனின் வயிற்றுக்குள் வைக்காதீர்கள். ஹெடர் கோப்புக்குக் கொண்டுபோங்கள். தெரிவு இருந்தால் உண்மையான ஃபங்ஷனின் அறிவிப்பு, இல்லாவிட்டால் அதே பெயரில் ஒன்றும் செய்யாத 'ஸ்டாட்டிக் இன்லைன்' ஃபங்ஷன். கூப்பிடுகிறவர் நிபந்தனை எதுவும் இல்லாமல் கூப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்த வெறும் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் யோசித்து முடிவு பண்ணுங்கள்: வசதி இல்லாவிட்டாலும் வேலை தொடரலாம் என்றால் பூச்சியம், தொடரக் கூடாது என்றால் பொருத்தமான பிழை எண். அந்த நிபந்தனையை மூடும் எண்டிஃப்புக்குப் பக்கத்தில் எந்தத் தெரிவு முடிகிறது என்று ஒரு குறிப்பும் எழுதிவிடுங்கள், நீண்ட ஹெடரில் அது பெரிய உதவி.

'இஸ்_ரீச்சபிள்' என்று இன்னொன்று இருக்கிறது. மற்றது மொடியூலாக இருந்து நான் கேர்னலுக்குள் இருந்தால் அதைக் கூப்பிடாமல் விட்டுவிடு என்பது அதன் பொருள். லிங்க் பிழை போய்விடும், உண்மை. ஆனால் பாவிப்பவர் எச்டபிள்யூமொன்னையும் போட்டிருக்கிறார், கன்னியாவையும் போட்டிருக்கிறார், ஆனாலும் வெப்பநிலை வரவில்லை, ஏன் என்று சொல்ல ஒரு செய்தியும் இல்லை. கிண்ணியா நானா கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல அவரும் நிற்பார். அதைவிட மேலே சொன்ன அந்தக் கேகொன்ஃபிக் வரியால் தவறான சேர்க்கையையே தடுப்பது எவ்வளவோ மேல்.

இவ்வளவையும் எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, நான் பிந்தித்தான் சொல்கிறேன்: இந்தத் தெரிவு கொம்பைல் நேரத்தில்தான் வேண்டுமா? எத்தனை விநாடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பதை ஒரு பிள்ளை கேகொன்ஃபிக்கில் 'இன்ட்' ஆகப் போட்டிருந்தார். அதை மாற்ற வேண்டும் என்றால் கேர்னலைத் திரும்பக் கட்ட வேண்டும். மொடியூல் அளவுருவாக வைத்தால் ஏற்றும்போதே சொல்லலாம். கோடின் அளவு மாறுகிறது, வேறொரு பகுதியை இழுக்க வேண்டியிருக்கிறது, அல்லது பாதுகாப்புக்காக அந்தக் கோடே இருக்கக் கூடாது, இப்படி ஏதாவது இருந்தால் கேகொன்ஃபிக். மற்றதற்கெல்லாம் ஓடும் நேரத் தெரிவு. ஒவ்வொரு புதிய பூல் தெரிவும் சோதிக்க வேண்டிய சேர்க்கைகளை இரட்டிப்பாக்குகிறது.

சோதனைக்கு வருவோம். குறைந்தது கன்னியாவை 'வை', 'எம்', 'என்' மூன்றிலும் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் எச்டபிள்யூமொன்னின் மூன்று நிலை. ஒன்பது சேர்க்கையில் தடுக்கப்பட்ட ஒன்று போக எட்டு. பயப்படும் அளவுக்கு நேரம் எடுக்காது, ஒரு தெரிவை மாற்றினால் அந்தப் பெயரைப் பாவிக்கும் கோப்புகளை மட்டும்தான் கேபில்ட் திரும்பக் கட்டும். அதன் பிறகு 'ஆல்நோகொன்ஃபிக்' (முடிந்தவரை எல்லாம் 'என்'), 'ஆல்மொட்கொன்ஃபிக்' (முடிந்தவரை எல்லாம் 'எம்') ஒவ்வொரு தடவை, இரவில் விட்டுவிட்டுத் தூங்க 'ராண்ட்கொன்ஃபிக்'. ராண்ட்கொன்ஃபிக் எழுமாறாகத் தெரிவு செய்யும். உடைந்தால் அந்த '.கொன்ஃபிக்'கை உடனே வேறு பெயரில் எடுத்து வையுங்கள், அதே சேர்க்கை தற்செயலாகத் திரும்ப வராது. நீங்கள் செய்யாவிட்டால் இன்டெலின் கேர்னல் சோதனை ரோபோ செய்யும், பேட்ச் (உங்கள் மாற்றம்) அனுப்பிய பிறகு எல்லோருக்கும் தெரியும்படி மின்னஞ்சலில் வரும். எங்கள் வகுப்பில் ஒரு தங்கச்சி இந்த எட்டுச் சேர்க்கைக்கும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார், ஒரு கட்டளையில் முடிகிறது.

டிரைவர் ஒரு குறிப்பிட்ட சிப்புக்கு மட்டும் என்றால் தங்கியிருக்கும் வரியில் 'அல்லது கொம்பைல்_டெஸ்ட்' என்று சேர்த்துவிடுங்கள். அந்தச் சிப் இல்லாதவர்களும் உங்கள் கோடைக் கட்டியாவது பார்க்கலாம்.

நானாவின் லப்டொப்புக்கு இப்போது இப்படிச் செய்கிறேன். முழு '.கொன்ஃபிக்'கைப் பாதுகாப்பதில்லை. யூஎஸ்பி சீரியல், பிஎல்2303, ஐகேகொன்ஃபிக், ஐகேகொன்ஃபிக்_ப்ரொக் என்று அந்த மெஷினுக்குக் கட்டாயம் வேண்டியதை மட்டும் ஏழெட்டு வரியில் ஒரு சின்னக் கோப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் லோக்கல்மொட்கொன்ஃபிக் முடிந்ததும் 'மெர்ஜ்_கொன்ஃபிக்.எஸ்எச்' ஸ்கிரிப்டால் அதை மேலே சேர்க்கிறேன். சேர்த்த பிறகு நிற்காமல் போன வரி எது என்று அது பெயர் சொல்லிக் காட்டும். கடைசி இரண்டு தெரிவுகளும் இருப்பதால், ஓடும் கேர்னலிலேயே ப்ரொக் அடைவுக்குள் 'கொன்ஃபிக்.ஜிஇசட்' கிடைக்கிறது. அடுத்த தடவை கடற்கரையில் நின்று ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், வீட்டுக்குத் திரும்பி ஓடாமல் அங்கேயே 'இசட்கிரெப்' போட்டுப் பார்த்துவிடுவேன்.